ஜாடிக்காரர்களின் பிழைப்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய அமெரிக்க நாட்டுப்பாடல்களின் தொகுப்பு ஒன்றில் மெம்ஃபிஸ் ஜக் பேண்டின் ‘கே.சி. மோன்’ கேட்டேன். 1929இல் பதிவானதாம். பாட்டுக்கு அடியில் ‘பூம்... பூம்...’ என்று ஒரு சத்தம் வருகிறது. அது விஸ்கி ஜாடியை ஊதுவது என்று படித்ததும் விடவில்லை, தேடித்தேடி முப்பது பாட்டுக்கு மேல் கேட்டுவிட்டேன். மூன்று சந்தேகங்கள்.

முதலாவது, பெயர் ஒன்றே, ஆனால் ஒவ்வொரு பாட்டிலும் குரல் வேறு. ஒன்றில் பெண் பாடுகிறார், ஒன்றில் வயலின் வருகிறது, ஒன்றில் இல்லை. இது நிஜமாகவே ஒரு குழுவா, அல்லது கம்பெனி ஒட்டிய லேபிளா? இரண்டாவது, ஏழெட்டு வருடத்தில் இத்தனை இசைத்தட்டு போட்டவர்கள் ஏன் ஏழைகளாகவே செத்தார்கள்? பருத்திக்காட்டு மனிதர்களைக் கம்பெனி ஏமாற்றியது என்று ஒரே வரியில் முடித்துவிடலாமா? மூன்றாவது கொஞ்சம் சிறுபிள்ளைத்தனமானது. நாங்கள் நான்கு நண்பர்கள். ஒருவனிடம் கிட்டார் இருக்கிறது, ஒருவனிடம் மவுத் ஆர்கன். மீதி இருவருக்கும் ஒன்றும் தெரியாது. வீட்டில் பெரிய ஊறுகாய் ஜாடி இருக்கிறது. ஊதிப் பார்த்தோம், காற்றுதான் வருகிறது. என்ன தப்பு செய்கிறோம்?

எஸ்.
ஓசூர்

அன்புள்ள எஸ்.,

‘பருத்திக்காட்டு மனிதர்கள்’ என்பதைத் திருத்திக்கொண்டு தொடங்குவோம். மெம்ஃபிஸ் ஜக் பேண்டை நடத்திய வில் ஷேட் 1898இல் மெம்ஃபிஸ் நகரத்திலேயே பிறந்தவர். பாட்டி வளர்த்த பிள்ளை, பாட்டியின் குடும்பப்பெயரால் ‘சன் பிரிமர்’ என்றும் ஊரில் அழைக்கப்பட்டவர். ப்ளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டுவகை; இன்று நாம் ‘கன்ட்ரி ப்ளூஸ்’ என்று சொல்லும் வகைப்பெயரே 1959இல் ப்ளூஸ் ஆய்வாளர் சாமுவேல் சார்ட்டர்ஸ் எழுதிய புத்தகத்தின் வழியாகப் பரவியது. அந்தக் காலத்துக் கம்பெனி அட்டவணையில் கறுப்பின மக்களுக்கு விற்பதற்கான தட்டுகள் எல்லாவற்றுக்கும் ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’ என்ற ஒரே தலைப்புதான். நாட்டுப்புறத்திலிருந்து மெம்ஃபிஸுக்கு வந்து சேர்ந்த பாட்டை நகரத்துத் தெருவில் விற்றவர்கள் இவர்கள். இந்த ‘விற்றவர்கள்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டால் உங்கள் முதல் இரண்டு கேள்விகளுக்கும் ஒரே பதில் கிடைத்துவிடும்.

ஜாடியை (ஆங்கிலத்தில் ஜக்) ஊதி வாசிக்கும் ஜக் பேண்ட் என்ற வகை மெம்ஃபிஸில் பிறந்ததல்ல. ஒஹாயோ ஆற்றங்கரையில் இருக்கும் லூயிவில் நகரத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இது இருந்தது. குதிரைப் பந்தயத்துக்கு வரும் கூட்டத்தின் முன் வாசித்துக் காசு சேர்ப்பார்கள். ஏர்ல் மெக்டொனால்ட் என்பவர் அங்கே ஜாடி ஊதுவதில் பெரிய கை. இருபதுகளின் நடுவில் லூயிவில் குழுக்கள் தட்டு போட ஆரம்பித்தன, அவை மெம்ஃபிஸுக்கும் வந்தன. ஷேட் அதைக் கேட்டுத் தன் ஊரில் ஒரு செட் சேர்த்தார். ஆனால் இரண்டு ஊர்களின் ஒலி வேறு வேறு. லூயிவில் குழுக்களில் வயலினும் பாஞ்சோவும் முன்னால் நிற்கும், ஜாஸ் வாடை அடிக்கும். ஷேட் மவுத் ஆர்கனையும் கிட்டாரையும் முன்னால் வைத்து, பாட்டை ப்ளூஸ் பக்கம் இழுத்தார். ஜாடி மட்டும் பொது.

1927 பிப்ரவரி 24. விக்டர் இசைத்தட்டுக் கம்பெனிக்காகப் பதிவுகளை நடத்திய ரால்ஃப் பீர் மெம்ஃபிஸின் மெக்கால் கட்டடத்தில் கருவிகளை இறக்கி வைத்திருந்தார். அன்று ஷேட்டின் குழு நான்கு பாட்டு பதிவு செய்தது. மவுத் ஆர்கனுக்கும் கிட்டாருக்கும் ஷேட், இன்னொரு கிட்டாருக்கு வில் வெல்டன், முனகி வாசிக்கும் சிறு குழலான கஸூவுக்கு பென் ரேமி, ஜாடிக்கு சார்லி போல்க் என நான்கே பேர். தட்டு விற்றுப்போனது. ஜூனில் சிகாகோவுக்கு அழைத்தார்கள், அக்டோபரில் அட்லாண்டாவுக்கு. அடுத்த மூன்று வருடமும் பீர் மெம்ஃபிஸ் வரும்போதெல்லாம் இவர்களுக்கு இடம் இருந்தது. 1930 நவம்பர் வரை விக்டருக்கு மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்ட பாட்டுகள்.

இந்த மூன்றே முக்கால் வருடத்தில் யார் யார் வந்து போனார்கள் என்று பாருங்கள். 1928இல் சார்லி பர்ஸ் வந்து கிட்டாரும் குரலுமாக நிலைத்தார். வால் ஸ்டீவன்ஸ் பாஞ்சோ மாண்டலின் வாசித்தார். ஜாப் ஜோன்ஸ் ஜாடியும் ஊதுவார், பியானோவும் வாசிப்பார். வயலினுக்கு மில்டன் ரோபி. ஷேட்டின் மனைவி ஜென்னி கிளேட்டன் சில பாட்டு பாடியிருக்கிறார். ஹாட்டி ஹார்ட் பாடியவை வேறு. 1930இல் புகழ்பெற்ற ப்ளூஸ் பாடகி மெம்ஃபிஸ் மின்னியே இந்தக் குழுவோடு சேர்ந்து பாடித் தட்டு வந்தது. நீங்கள் கேட்ட குரல் குழப்பத்துக்கு இதுதான் காரணம். நம் ஊர் நாதஸ்வர செட்டையோ கல்யாண பேண்டு செட்டையோ நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் ஒருவருடையது, வேலை பிடிப்பது அவர், அன்றைக்கு யார் கைக்குக் கிடைக்கிறார்களோ அவர்கள்தான் செட். ஒரே இரவில் இரண்டு இடத்தில் ஆர்டர் என்றால் செட் இரண்டாகப் பிரியும். கம்பெனி லேபிள் ஒட்டியதா என்று கேட்டீர்கள். லேபிள் ஷேட்டுடையதுதான். நான்கு நிரந்தர முகங்கள் கொண்டதுதான் இசைக்குழு என்ற எண்ணம் நமக்கு அறுபதுகளின் ராக் குழுக்கள் கொடுத்தது. அந்தக் கண்ணோடு பார்த்தால் இங்கே குழுவே இல்லை என்றுதான் தோன்றும்.

இவர்களின் அன்றாட வருமானம் தட்டிலிருந்து வந்ததல்ல. பீல் தெருவிலும் அதையொட்டிய பூங்காவிலும் தொப்பி ஏந்தி வாசிப்பது அடிப்படை. அதற்கு மேல் மிசிசிப்பி ஆற்றில் ஓடும் உல்லாசப் படகுகள், வெள்ளையர்களின் கிளப் விருந்துகள், பீபாடி ஹோட்டல், மெம்ஃபிஸ் அரசியலைத் தன் பையில் வைத்திருந்த இ. ஹெச். க்ரம்ப்பின் கூட்டங்கள். பிறகு மருந்து ஷோ. ‘டாக்டர்’ என்று தன்னைச் சொல்லிக்கொள்பவர் வண்டியின் பின்பலகையை இறக்கி மேடையாக்குவார். குழு வாசித்துக் கூட்டம் கூட்டும். கூட்டம் தடித்ததும் வாத்தியம் நிற்கும், பாட்டில் விற்பனை தொடங்கும். விற்பனை தளர்ந்தால் மறுபடி வாத்தியம். நம் சந்தையில் மோடி மஸ்தானைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட பிழைப்பில் ப்ளூஸ் மட்டும் தெரிந்திருந்தால் சோறு கிடைக்காது. கிளப்பில் மூன்று தட்டு நடன இசையான வால்ட்ஸ் கேட்பார்கள், படகில் அந்த வருடத்து ஹிட் பாட்டு கேட்பார்கள். இந்தக் குழு 1928இல் வால்ட்ஸ்களையே பதிவு செய்திருக்கிறது, ஜாடி மூன்றின் கணக்கில் ஊதும். கேட்டுப் பாருங்கள், வேடிக்கையாகவும் இருக்கும், அழகாகவும் இருக்கும். இவர்களை வெறும் ப்ளூஸ் குழு என்று ஒதுக்கியது பிற்காலத்துச் சேகரிப்பாளர்களின் ரசனை. இவர்களுடைய நோட்டுப்புத்தகம் அதைவிடப் பெரியது.

இனி தட்டுக் கணக்கு. ரால்ஃப் பீர் விக்டரோடு செய்துகொண்ட ஏற்பாடு விசித்திரமானது. பெயரளவுக்குத்தான் சம்பளம், பதிவாகும் புதுப் பாட்டுகளின் உரிமை அவருக்கு. 1909ஆம் வருடத்து அமெரிக்கக் காப்புரிமைச் சட்டப்படி ஒரு பாட்டு தட்டில் ஏறினால், விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் உரிமைக்காரருக்கு 2 சென்ட் தர வேண்டும். தட்டின் விலை 75 சென்ட். இரண்டு பக்கமும் சேர்த்து 4 சென்ட். ஒரு தட்டு பத்தாயிரம் பிரதி விற்றதாக வைத்துக்கொண்டால் உரிமைத்தொகை மொத்தமே 400 டாலர்தான். அது முதலில் போவது பாட்டின் பதிப்பாளரிடம். பாட்டு எழுதியவராகப் பதிவானவருக்கு அதில் ஒரு பங்கு. கஸூ ஊதியவருக்கு அதில் ஒன்றுமில்லை, அவருக்கு அன்றைய கூலியோடு சரி. கூலி எந்த அளவில் இருந்தது என்பதற்கு ஒரு அடையாளம்: அதே வருடக் கோடையில் பிரிஸ்டல் ஊரில் பீர் நடத்திய பதிவில் பாட்டுக்கு 50 டாலர். நான்கு பேர் பிரித்தால் தலைக்குப் பன்னிரண்டரை. தெருவில் தொப்பி ஏந்துவதோடு ஒப்பிட்டால் பெரிய பணம், ஆனால் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை வரும் பணம்.

இந்த ஏற்பாடு பாட்டையே எப்படி வளைத்தது என்பதுதான் எனக்குச் சுவாரஸ்யம். ஊரெல்லாம் தெரிந்த பழைய பாட்டைப் பாடினால் பீருக்கு உரிமை கிடைக்காது. இன்னொருவர் பெயரில் பதிவானதைப் பாடினால் 2 சென்ட் அவருக்குப் போய்விடும். ஆகவே ‘புதுசா இருக்கா?’ என்பதுதான் கேள்வி. பாடகர்கள் என்ன செய்தார்கள்? ப்ளூஸில் ஊர்பேர் தெரியாமல் அலையும் ஈரடிகள் ஆயிரக்கணக்கில் உண்டு. அதிலிருந்து ஐந்தாறைப் பொறுக்கி, புது வரிசையில் கோத்து, புதுத் தலைப்பு வைத்தார்கள். முப்பது பாட்டு கேட்ட உங்களுக்கே ஒரே வரி நாலு பாட்டில் வந்தது உறைத்திருக்கும். கற்பனை வறட்சி என்று நினைத்துவிடாதீர்கள், சட்டம் கேட்ட புதுமையை அவர்கள் மிகச் சிக்கனமாகக் கொடுத்தார்கள்.

‘கம்பெனி ஏமாற்றியது’ என்று ஒரே வரியில் முடிக்க முடியாததற்கும் இதுவே காரணம். அந்த நாளில் பல கம்பெனிகள் கறுப்பினப் பாடகர்களிடம் சில டாலர் கொடுத்துப் பாட்டை அடியோடு எழுதி வாங்கின. பீர் பாட்டெழுதியவர் என்று ஒரு பெயரையும் அவருக்கு ஒரு பங்கையும் வைத்தார். அந்தப் பெயர் பல பாட்டுகளில் வில் ஷேட் ஆனது, அதனால்தான் குழுவில் அவர் கை மேலோங்கியது. ஆனால் சட்டம், கணக்கு, பாட்டின் ஆயுள் மூன்றும் பீர் கையில் இருந்தன. ஷேட்டிடம் இருந்தது அடுத்த அழைப்பு வரும் என்ற நம்பிக்கை. அநியாயம் இருந்தது, அது திருட்டாக வரவில்லை, ஒப்பந்தமாக வந்தது.

அழைப்பு ஏன் நின்றது? 1927இல் அமெரிக்காவில் 10 கோடிக்கு மேல் விற்ற இசைத்தட்டுகள் 1932இல் 60 லட்சமாகச் சரிந்தன. முதலில் செத்தது ரேஸ் அட்டவணைதான், வாங்குகிறவர்கள்தான் முதலில் வேலை இழந்தவர்கள். வெளியூருக்குக் கருவி ஏற்றிப் போய்ப் பதிவு செய்வதைக் கம்பெனிகள் பெரும்பாலும் நிறுத்தின. ஷேட்டின் ஆட்கள் 1932இல் இண்டியானாவின் ரிச்மண்டுக்குப் போய் மலிவு விலை லேபிள் ஒன்றுக்குப் பாடினார்கள். அதில் குழுவின் பெயரையே மாற்றி, கறுப்பினக் குழந்தைகளை இழிவாகச் சொல்லும் ஒரு சொல்லைப் பெயராக வைத்தார்கள். கடைசிப் பதிவு 1934 நவம்பரில், சிகாகோவில், ஓகே கம்பெனிக்கு. சார்லி பியர்ஸின் வயலின், ராபர்ட் பர்ஸின் தாளவாத்தியம், ஜாப் ஜோன்ஸின் பியானோ, ஆட்டம் போட வைக்கும் வேகம். என் கணக்கில் இவர்களின் மிகத் துடிப்பான பதிவுகள் அவைதான். ஆனால் மதுவிலக்கு முந்தைய வருடமே நீங்கியிருந்தது. மதுக்கடைகளில் ஜூக் பாக்ஸ் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது. ஐந்து சென்ட் போட்டால் முழு ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்கும்போது நான்கு பேருக்குச் சாப்பாடும் சாராயமும் கொடுத்து ஜாடி ஊதச் சொல்ல யாருக்குத் தேவை?

தட்டு நின்ற பிறகும் குழு நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஷேட்டும் பர்ஸும் மெம்ஃபிஸ் தெருக்களில் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். 1956இல் சார்ட்டர்ஸ் தேடிப் போனபோது இருவரும் அங்கேதான் இருந்தார்கள். பழைய இசைத்தட்டுகளைத் தொகுத்து 1952இல் வந்த ஹாரி ஸ்மித்தின் தொகுப்பில் ‘கே.சி. மோன்’ இடம்பெற்றிருந்தது. நீங்கள் கேட்டதும் அதன் வழியாக வந்த பிரதியாகத்தான் இருக்க வேண்டும். தொழில்வாழ்க்கை ஏழெட்டு வருடம் என்று நீங்கள் எழுதியது தட்டுகளின் தேதியை வைத்து. தெருவில் அது ஏறக்குறைய நாற்பது வருடம்.

இதே ஊரில் இன்னொரு குழு இருந்தது, கஸ் கேனனின் ஜக் ஸ்டாம்பர்ஸ். கேனன் மருந்து ஷோக்களில் பழுத்த பாஞ்சோக்காரர். ஜாடியைக் கழுத்தில் ஒரு கம்பிச் சட்டத்தில் மாட்டிக்கொண்டு, கை பாஞ்சோவில், வாய் ஜாடியில் என்று ஒரே ஆளாக இரண்டு வேலை செய்தவர். 1928 முதல் 1930 வரை விக்டருக்குப் பாடினார்கள். அவர் 1929இல் பதிவு செய்த ‘வாக் ரைட் இன்’ பாட்டை ரூஃப்டாப் சிங்கர்ஸ் என்ற நாட்டுப்பாடல் மூவர் புதிதாகப் பாட, 1963 தொடக்கத்தில் அது அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. அப்போது கேனனின் பாஞ்சோ அடகுக்கடையில் இருந்தது, குளிருக்குக் கரி வாங்க வைத்தது. இங்கே பாட்டின் உரிமையில் அவர் பெயர் இருந்ததால் ஏதோ கொஞ்சம் கிடைத்தது. ஸ்டாக்ஸ் கம்பெனி அவரை வைத்து ஒரு எல்.பி. போட்டது. அதில் ஜாடி ஊதியவர் வில் ஷேட், துணி துவைக்கும் பலகை தேய்த்தவர் அந்தப் பழைய வயலின்காரர் மில்டன் ரோபி. இரண்டு போட்டிக் குழுக்களின் மிச்சம் ஒரே அறையில். 1966 செப்டம்பரில் நிமோனியாவில் ஷேட் இறந்தார். கேனன் 1979 வரை இருந்தார். அவருடைய மவுத் ஆர்கன்காரர் நோவா லூயிஸ், அந்தக் கருவியில் இவர்கள் எல்லோரையும்விடப் பெரிய வித்வான், பாட்டு ஹிட்டாவதற்கு இரண்டு வருடம் முன்பே, 1961இல், குளிரில் உறைந்த கால் அழுகிச் செத்துப்போயிருந்தார்.

சரி, உங்கள் ஊறுகாய் ஜாடி.

முதலில் பெயர்க் குழப்பம். நாம் ‘ஜக்’ என்றால் மூக்கு வைத்த தண்ணீர் ஜக்கை நினைக்கிறோம். இது அதல்ல. உடல் பருத்து, கழுத்து குறுகி, விரல் நுழையும் அளவு ஒரு சின்னக் காது வைத்த மண்பாண்டம். மெருகிட்டது. விஸ்கி, வினிகர், பாகு வைக்கப் பயன்பட்டது. கொள்ளளவு ஒரு காலன், அதாவது 3.8 லிட்டர் சுமார். வாய் ஒரு அங்குலத்தை ஒட்டி இருக்கும். ஊறுகாய் ஜாடியின் வாய் கை நுழையும் அகலம். அவ்வளவு அகலமான வாயில் ஜாடிக்குள் இருக்கும் காற்று உங்கள் உதட்டுக்கு எதிர்ப்புக் கொடுக்காது, ஒலியைத் திருப்பித் தராது. கண்ணாடியில் வரும் பெரிய வினிகர் பாட்டில், பழைய ஆசிட் ஜாடி வடிவத்தில் உள்ளவை சரிப்படும். உண்மையிலேயே ஆசிட் இருந்த ஜாடியை மட்டும் எவ்வளவு கழுவினாலும் வாயருகே கொண்டுபோக வேண்டாம். மெல்லிய பிளாஸ்டிக் கேன் அதிர்வைத் தானே தின்றுவிடும், பழகுவதற்கு மட்டும் சரி.

இரண்டாவது தப்பு, நீங்கள் பாட்டிலின் வாய்க்குக் குறுக்கே புல்லாங்குழல் மாதிரி ஊதியிருப்பீர்கள். அப்படி ஊதினால் ஒரு ஜாடிக்கு ஒரே ஒரு சுருதிதான் வரும், அதுவும் மெல்லியதாக. ஜாடி ஊதுவது ட்ராம்போன் ஊதுவது போல. உதடுகளைச் சேர்த்து, இறுக்கித் தளர்த்தி, ‘ப்ர்ர்ர்’ என்று அதிர வைக்க வேண்டும். ஸ்வரத்தை உண்டாக்குவது உதடு, ஜாடி அதைப் பெருக்கித் தருவது. உதட்டை இறுக்கினால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். உதடு ஜாடியின் விளிம்பில் ஒட்டக் கூடாது. அரை அங்குலத்திலிருந்து ஒரு அங்குலம் வரை விலகி, துளைக்குள் நேராக ஊத வேண்டும். ஜாடியை மெதுவாக முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். ஒரு கோணத்தில் திடீரென்று சத்தம் இரண்டு மடங்காகும், கையில் அதிர்வு தெரியும். அந்த இடத்தைக் கை நினைவில் வைத்துக்கொள்ளட்டும். அது ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் கொஞ்சம் மாறும்.

முதலில் ராகம் தேட வேண்டாம். நான்கு தட்டு தாளத்தில் ஒன்றாம் தட்டில் ஷட்ஜமம், மூன்றாம் தட்டில் கீழ்ப் பஞ்சமம். இவ்வளவுதான் பேஸின், அதாவது அடிச்சுருதியின் வேலை. கிட்டார் வேறு கார்டுக்குப் போகும்போது நீங்களும் அதன் ஷட்ஜமத்துக்குப் போக வேண்டும். பன்னிரண்டு பார் (நான்கு தட்டு ஒரு பார்) ப்ளூஸில் முதல் நான்கு பார் ஷட்ஜமத்தில், அடுத்த இரண்டு மத்யமத்தில், இரண்டு ஷட்ஜமத்தில், ஒன்று பஞ்சமத்தில், ஒன்று மத்யமத்தில், கடைசி இரண்டு மறுபடி வீட்டில். ஜாப் ஜோன்ஸைக் கேட்டால் இந்த எலும்புக்கூட்டின் மேல் அவர் சறுக்கிச் சறுக்கி இறங்குவது தெரியும். அது பிறகு.

மவுத் ஆர்கன் நண்பர் அநேகமாக நேரடி சுருதியில் வாசித்துவிட்டு ‘அந்த அழுகை வரவில்லை’ என்பார். ஜி சுருதிப் பாட்டுக்கு ஜி மவுத் ஆர்கன் எடுக்கக் கூடாது, சி எடுக்க வேண்டும். அதன் பஞ்சமம்தான் பாட்டின் ஷட்ஜமம். இரண்டாவது துளையை உறிஞ்சினால் அது வரும். சங்கீதம் தெரிந்தவருக்கு ஒரே வார்த்தையில் சொன்னால் இது கிரகபேதம்: சங்கராபரணத்தின் பஞ்சமத்தை ஆதாரமாக வைக்க ஹரிகாம்போதி கிடைக்கிறது, கைசிகி நிஷாதம் தானாக வந்துவிடுகிறது. ஊதுவதைவிட உறிஞ்சும் ஸ்வரங்களில்தான் வளைவு அதிகம். மூன்றாவது துளையை உறிஞ்சி, நாக்கின் பின்பகுதியைத் தாழ்த்தினால் காந்தாரம் கீழே சரியும். நீங்கள் தேடுகிற அழுகை அதுதான். நான்காவது துளையில் பஞ்சமம் அதே போலச் சரியும். பத்துத் துளை கொண்ட சாதாரணக் கருவி வேண்டும். இரட்டை வரிசைத் துளை வைத்த ட்ரெமலோ வகைதான் நம் கடைகளில் அதிகம், அதில் இந்த வளைவு சரியாக வராது.

ஒன்றும் தெரியாத இன்னொரு நண்பருக்குத் துத்தநாகத் தொட்டி. பிற்காலத்தில் ஷேட்டே தகரக் குப்பைத்தொட்டியில் ஒற்றைக் கம்பி பேஸ் வாசித்தார். குளிக்கும் தொட்டியைக் கவிழ்த்து, அடிப்பக்க நடுவில் துளையிட்டு, தலையில் வளையமுள்ள கண்போல்ட் ஒன்றை இருபுறமும் அகலமான வாஷர் வைத்து முடுக்குங்கள். வாஷர் இல்லாவிட்டால் இரண்டாவது நாளே தகரம் கிழியும். அதில் ஒன்றரை மீட்டர் பருத்தித் துணிக்கயிறு. மறுமுனையைத் துடைப்பக் கம்பின் தலையில் கட்டி, கம்பின் காலில் வெட்டிய பள்ளத்தைத் தொட்டி விளிம்பில் நிறுத்துங்கள். கம்பைப் பின்னால் இழுத்தால் சுருதி ஏறும். தொட்டியின் ஒரு பக்கத்துக்கு அடியில் செங்கல் வையுங்கள், தரையோடு ஒட்டியிருந்தால் சத்தம் உள்ளேயே செத்துவிடும். நைலான் கயிறு நீண்டுகொண்டே போகும், பாட்டு முடிவதற்குள் சுருதி அரை ஸ்வரம் இறங்கியிருக்கும். ஸ்டீல் கேபிள் நன்றாக ஒலிக்கும், விரலை அறுக்கும். ஜாடியும் தொட்டியும் ஒரே பேஸ் வேலையைச் செய்பவை என்பதால் இரண்டும் சேர்ந்து ஒலித்தால் குழம்பும். ஒருவர் தொட்டியில் இருக்கும்போது ஜாடிக்காரர் ஓரிரு பாட்டுக்குக் கஸூ எடுக்கட்டும். கஸூவில் ஊதக் கூடாது, முனக வேண்டும். ஊதினால் ஒன்றுமே வராது. கருவி கிடைக்காவிட்டால் சீப்பின் மேல் வெண்ணெய்த் தாளைச் சுற்றினால் அதே வேலை நடக்கும், எச்சில் பட்டுத் தாள் நனைந்ததும் மாற்ற வேண்டும்.

பதிவு செய்ய ஆசை வரும். அந்த நாளில் மைக்கைச் சுற்றி ஆட்களை நகர்த்தித்தான் சமநிலை பார்த்தார்கள். 1925இல் மின்சாரப் பதிவு வந்த பிறகுதான் ஜாடி போன்ற கனமான அடிச்சத்தம் தட்டில் ஒழுங்காகப் பிடிபட்டது, அதற்கு முந்தைய புனல் பதிவில் இந்தக் குழு இந்த அளவுக்கு விற்றிருக்காது. சூடுபடுத்தி இளக்கிய தடித்த மெழுகுத் தட்டில் நேரடியாக வெட்டுவார்கள், வெட்டியதைப் போட்டுக் கேட்டால் அந்த மெழுகு கெட்டுவிடும், ஆகவே சரி என்று நம்பி அனுப்ப வேண்டியதுதான். பத்து அங்குலத் தட்டில் மூன்று நிமிடம் சொச்சம். நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் பன்னிரண்டு பார் சுற்று ஒன்றுக்கு 24 விநாடி. ஏழு சுற்றில் கதை முடிய வேண்டும்: ஒன்று முன்னுரை, ஐந்து சரணம், நடுவில் ஒரு கஸூ. நீங்களும் ஒரே போனை வைத்து இதே கட்டுப்பாட்டில் செய்து பாருங்கள். பாடுபவர் போனுக்கு இரண்டடியில், மவுத் ஆர்கன் மூன்றில், கிட்டார் நான்கில், ஜாடி ஆறில், போனுக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில். நேராக வைத்தால் மூச்சுக்காற்று புயல் மாதிரி பதிவாகும். காலால் தாளம் போடுகிறவர் காலடியில் தலையணை.

இன்னொன்று, ஜாடி ஊதுபவர் நின்றுகொண்டு ஊத வேண்டாம். பழகாதவருக்கு இரண்டு நிமிடத்தில் தலை கிறுகிறுக்கும், கையில் இருப்பது கண்ணாடி ஜாடி. உட்கார்ந்து, சரணத்துக்குச் சரணம் விட்டு ஊதட்டும். முதல் வாரம் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். முடிந்ததும் ஜாடியைக் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள்.